செஃபலோஸ்போரின் ஊசியும் செவிலியர் கடமையும்

நோய்க் கிருமிகளை வெல்லும்பொருட்டு விஞ்ஞானம் மனித குலத்துக்கு அளித்துள்ள மருந்துகளுள் செஃபலோஸ்போரின் இனத்துக்குச் சிறப்பானதோர் இடமுண்டு. நுரையீரல் அழற்சி, சிறுநீர்த் தாரைத் தொற்று, டைபாய்டு சுரம், மூளையுறை அழற்சி, அறுவைச் சிகிச்சைக்கு முந்திய காப்பு எனப் பல நிலைகளிலும் இவ்வினத்தைச் சேர்ந்த மருந்தொன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர். ஆயினும் அதைக் கரைத்து, அளந்து, உடலுட் செலுத்தி, அதன் பின் நோயாளியின் முகத்தைப் பார்த்திருப்பவர் செவிலியரே. ஆதலின் இம்மருந்தின் நன்மையும் தீமையும் பெரும் பகுதி அவர் கையிலேயே அடங்கியுள்ளன என்பது மிகையாகாது.

இக்கடமையை நிறைவேற்றும் முறையில், நம் நாட்டில் நெடுநாளாக ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எதுவாயினும், அதில் சிறு துளியை முன்கையின் தோலுக்குள் ஏற்றி, சிறிது நேரம் கழித்துத் தடிப்பு உண்டா என்று பார்த்து, இல்லையெனில் முழு அளவையும் செலுத்திவிடுவது அது. "டெஸ்ட் டோஸ் போட்டாயிற்று" என்று ஏட்டில் எழுதியவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக அனைவரும் எண்ணுகின்றனர். இந்நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. நோயாளியைக் காப்பது தோலில் போடும் அத்துளியன்று. ஊசிக்கு முன் கேட்கும் கேள்வியும், ஊசியைப் போடும் நிதானமும், ஊசிக்குப் பின் பார்த்திருக்கும் அரைமணி நேரமுமே ஆகும். இம்மூன்றுக்கும் வேண்டிய நேரத்தையும் அதிகாரத்தையும் செவிலியருக்கு அளிக்காமல், சோதனை ஊசி ஒன்றையே காவலாக வைத்திருப்பது காவலில்லாமையை விடக் கேடானது.

கடல்நீரில் கிடைத்த செல்வம்

இம்மருந்தின் வரலாறு சுவையானது. 1945ஆம் ஆண்டில் இத்தாலிக்கு உரிய சார்டினியாத் தீவின் காலியாரி நகரில், ஜுசெப்பே புரோட்சு என்னும் பேராசிரியர், சாக்கடை நீர் கலக்குமிடத்துக் கடல்நீரைச் சோதித்தார். அந்நீரிலிருந்து அவர் பிரித்தெடுத்த பூஞ்சை ஒன்று பல வகைக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கக் கண்டார். தம் நாட்டில் போதிய உதவி கிட்டாமையால் அப்பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினார். ஆங்கு எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் உழைத்து, செஃபலோஸ்போரின்-சி என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய செஃபலோதின் 1964இல் மருந்துக் கடைக்கு வந்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் புதிய மருந்துகள் தோன்றி, இன்று ஐந்து தலைமுறைகள் என வகுக்கப்படுகின்றன. முதல் தலைமுறையின் செஃபசோலின், மூன்றாம் தலைமுறையின் செஃப்ட்ரையாக்ஸோன், செஃபோபெரசோன், நான்காம் தலைமுறையின் செஃபிபிம் ஆகியவை நம் செவிலியர் அடிக்கடி கையாளுபவை.

இவையும் பென்சிலினும் ஒரு குடும்பத்தின் இரு கிளைகள். இரண்டுக்கும் நடுநாயகமாக விளங்குவது பீட்டா-லாக்டம் என்னும் நான்கு அணு வளையம். இவ்வுறவினாலேயே பென்சிலின் ஒவ்வாதவருக்குச் செஃபலோஸ்போரினும் ஒவ்வாது என்னும் அச்சம் தோன்றியது. பத்தில் ஒருவருக்கு அவ்வாறு நேரும் என்று பழைய பாட நூல்கள் கூறின. தொடக்க காலத்து மருந்துகளில் பென்சிலினின் சிறு கலப்பு இருந்தமை அவ்வெண்ணிக்கை உயர்ந்ததற்கு ஒரு காரணம் என இப்போது அறியப்பட்டுள்ளது. பிற்காலத்து ஆராய்ச்சிகளின்படி அது நூற்றுக்கு இரண்டு என்னும் அளவினதே. மேலும், ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் நடு வளையமன்று. அதனுடன் இணைந்துள்ள பக்கச் சங்கிலியே. செஃபலெக்சினின் பக்கச் சங்கிலி ஆம்பிசிலினுடையதை ஒத்தது. செஃபட்ராக்சிலின் சங்கிலி அமாக்சிசிலினுடையதை ஒத்தது. செஃபசோலினின் சங்கிலியோ இவற்றுள் எதனையும் ஒத்ததன்று. ஆகவே எந்த மருந்து ஒவ்வவில்லை, எவ்வாறு ஒவ்வவில்லை என்பதைத் திட்டமாக அறிந்தாலன்றி மருத்துவர் சரியான முடிவுக்கு வர இயலாது. அச்செய்தியைக் கேட்டறிந்து கொணரும் வாய்ப்பு மிகுதியாக உள்ளவர் செவிலியர்.

சோதனை ஊசியின் குறைபாடு

தோற் சோதனை என்பது பயனற்ற கலையன்று. ஒவ்வாமை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றோர், முன்பு எதிர்விளைவு கண்ட நோயாளிக்கு, எரிச்சல் தராத செறிவில் மருந்தைக் கரைத்து, ஒப்பிடுவதற்கென ஹிஸ்டமினும் உப்புநீரும் தனித்தனியே ஏற்றி, 15 முதல் 20 நிமிடங்கள் கழித்துத் தடிப்பை அளவிடுகின்றனர். வார்டில் நடப்பது அதுவன்று. குப்பியில் கரைத்த மருந்தில் ஒரு துளியை எடுத்து, கைக்கு வந்த அளவு நீர் சேர்த்து ஏற்றுவதே பல இடங்களில் வழக்கம். செறிவு கூடினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் தோல் சிவக்கும். குறைந்தால் ஒவ்வாமை உள்ளவருக்கும் ஒன்றும் தோன்றாது. ஒப்பிட உப்புநீர் ஏற்றாத நிலையில், அச்சிவப்பு மருந்தினால் வந்ததா, ஊசி முனையால் வந்ததா என எவரே கூற வல்லார்?

முறையாகச் செய்தபோதும், முன்பு ஒவ்வாமை காணாதவரிடத்தில் இச்சோதனை பயன் தரவில்லை. தென் கொரியாவில் 1,421 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கியது. அவர்களுள் 74 பேருக்குத் தோலில் தடிப்புக் கண்டது. பின்னர் மருந்தை முழுமையாகச் செலுத்தியபோது உடனடி எதிர்விளைவு கண்டவர் நால்வர். அந்நால்வரும், தாம் பெற்ற மருந்துக்குத் தோற் சோதனையில் "ஒன்றுமில்லை" எனத் தேறியவர்களே. சோதனை எச்சரித்தவர்கள் நலமாயிருந்தனர். சோதனை விடுவித்தவர்களே துன்புற்றனர்.

சப்பான் அரசாங்கம் 2004ஆம் ஆண்டிலேயே, நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு எல்லா நோயாளிகளிடமும் தோற் சோதனை செய்யவேண்டும் என்னும் அறிவுரையை மருந்துக் குறிப்பேடுகளிலிருந்து நீக்கிவிட்டது. இவ்வழக்கம் நெடுங்காலம் நிலவிய சீனாவிலும், செஃபலோஸ்போரினுக்கு வழக்கமான தோற் சோதனை வேண்டுவதில்லை என 2021இல் வழிகாட்டு நெறி வெளியிடப்பட்டது.

சோதனை ஊசியால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, பொய்யான துணிவு: சோதனை தேறிய நோயாளியை எவரும் உற்று நோக்குவதில்லை. இரண்டாவது, பொய்யான அச்சம்: காரணமின்றிச் சிவந்த ஒரு தடிப்பால், சிறந்த மருந்து அந்நோயாளிக்கு வாழ்நாள் முழுதும் மறுக்கப்பட்டு, விலையும் நச்சுத் தன்மையும் மிகுந்த வேறொன்று தரப்படுகிறது. மூன்றாவது, காலத் தாழ்ச்சி: செப்சிஸ் என்னும் குருதிநச்சு நிலையில் அதிர்ச்சியுற்றுக் கிடக்கும் நோயாளிக்கு முதல் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் சேர வேண்டும், அங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலையுண்டு.

ஆயினும் செவிலியர் ஒருவர் தாமே இவ்வழக்கத்தைக் கைவிட முடியாது, கைவிடுதலும் தகாது. நாளை ஏதேனும் நேர்ந்துவிடின், "சோதனை போட்டீர்களா?" என்பதே உறவினரின் முதற் கேள்வி, விசாரணையிலும் அதுவே முதற் கேள்வியாக அமையக்கூடும். இவ்வச்சம் நியாயமானதே. ஆதலின் மாற்றம் எழுத்து மூலமான ஆணையாக மருத்துவமனையிலிருந்து வரவேண்டும். தனி ஒருவரின் துணிவுக்கு அதனை விட்டுவிடுவது முறையன்று.

பாலகாட்டின் பாடம்

இவ்வாதம் பெருநகர மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. சிற்றூர்களுக்கும் தொழிற் குடியிருப்புகளுக்குமே மிகுதியாகப் பொருந்தும். கருநாடக மாநிலத்தில் கோலார் தங்கவயலின் வட பகுதியிலுள்ள பாலகாட்டை எடுத்துக்கொள்ளலாம். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவற்றுடன் பாலகாட்டும் தங்கவயலின் பெயர் பெற்ற சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் சந்ததியார் இன்றும் தங்கவயலின் "லைன்" வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர்.

சுரங்கம் இயங்கிய காலத்தில் தொழிலாளருக்கும் குடும்பத்தாருக்கும் சுரங்க மருத்துவமனையே புகலிடம். ஒருவரின் நோய் வரலாறு ஓரிடத்தில் தங்குவதற்கு அப்போது வாய்ப்பிருந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மருத்துவமனையும் காலப்போக்கில் ஓய்ந்தது. 2021இல் கொரோனாத் தொற்று பரவியபோது தொண்டர்கள் அதனைத் துப்புரவு செய்து நோயாளிகளுக்காகத் திறந்தமையை நாடறியும். தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிப் பிழைப்புக்குச் செல்பவர் பலர். அத்தகைய குடும்பத்தினர் ஒரு காய்ச்சலுக்கு ராபர்ட்சன்பேட்டையிலும், மறு காய்ச்சலுக்கு வேலை செய்யும் நகரத்திலும் ஊசி போட்டுக்கொள்ள நேர்கிறது. எங்கே எந்த மருந்து ஏறியது, அதனால் என்ன விளைந்தது என்னும் வரலாறு எந்த ஏட்டிலும் இல்லை. நோயாளியின் நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவைத் திறக்கும் சாவி செவிலியரின் கேள்வி ஒன்றே.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. தங்கச் சுரங்கத்துப் பாறைத் தூசி சிலிக்கா நிரம்பியது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் 1940களில் முதன் முதலாகப் பதிவானதே கோலார் தங்கவயலில்தான். சுரங்கம் மூடினும் நுரையீரலில் படிந்த தூசி நீங்குவதில்லை; தழும்பு நிலைத்து நிற்கும், சிலரிடம் வளரவும் செய்யும். இத்தகைய முதியவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் அன்றாட நிகழ்ச்சி. ஊசி போட்டபின் அவருக்கு மூச்சு இரைத்தால், அது பழைய இரைப்பா, மருந்தினால் எழுந்த புதிய இரைப்பா? ஊசிக்கு முன் மூச்சு எண்ணிக்கை, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், குருதியின் ஆக்சிஜன் அளவு ஆகிய நான்கையும் குறித்து வைத்த செவிலியர் ஒருவரே இதற்கு விடை கூற முடியும். பிறர் ஊகிக்கலாமேயன்றி அறிய முடியாது.

சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதிற் பற்றும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. செஃப்ட்ரையாக்ஸோன் காசநோய்க்கு மருந்தன்று. பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் பல வாரங்களாக இருமி வந்து, நுரையீரல் அழற்சி எனக் கருதி ஊசி பெறுவாராயின், அவருடைய கோழை காசநோய்ச் சோதனைக்கு அனுப்பப்பட்டதா என மருத்துவருக்கு நினைவூட்டுதல் செவிலியர் செய்யக்கூடிய பேருதவி. கிருமி வளர்ப்புச் சோதனைக்குரிய இரத்தமோ சிறுநீரோ, இயன்றவரை முதல் ஊசிக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

"ஒத்துக்கொள்ளவில்லை" என்னும் சொல்

ஊசிக்கு முன், "உங்களுக்கு ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்னும் விடை வருவது இயல்பு. அச்சொல் பலருக்கு விளங்குவதில்லை. "எந்த ஊசியாவது மாத்திரையாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" என்று கேட்டால் விடை மாறும். "ஒத்துக்கொள்ளவில்லை" என்பது நம் மக்களின் வாயில் பல பொருள்களைத் தாங்கி நிற்கும் சொல். குமட்டல் வந்ததையும், வயிறு கழிந்ததையும், ஊசி வலியால் மயங்கியதையும், உடல் முழுதும் தடித்ததையும், மூச்சு அடைத்து உயிர் போய் உயிர் வந்ததையும் அவர்கள் அந்த ஒரு சொல்லாலேயே கூறுவர். இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் ஒவ்வாமை ஆகமாட்டா. பின்னிரண்டும் ஒவ்வாமையின் தெளிவான அறிகுறிகள்.

ஆகவே கேள்வி அங்கே நின்றுவிடலாகாது. எந்த மருந்து? எத்தனை ஆண்டுகளுக்கு முன்? போட்டு எவ்வளவு நேரத்தில்? என்ன தோன்றியது? அதற்கு என்ன சிகிச்சை செய்தார்கள்? அதன்பின் அதே மருந்தை மீண்டும் எடுத்துக்கொண்டதுண்டா? இவற்றை நோயாளியின் தாய்மொழியில், அவசரமின்றிக் கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். "பென்சிலின் அலர்ஜி" என்று மட்டும் எழுதுவதைவிட, "அமாக்சிசிலின் மாத்திரை தின்று அரைமணியில் உடல் தடித்து உதடு வீங்கியது" என்று எழுதுவது மருத்துவருக்குப் பன்மடங்கு பயன்படும். தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகிப் படுத்த படுக்கையாக நேர்ந்த வரலாறு உண்டெனில், அதற்குக் காரணமான மருந்தை மீண்டும் தொடவே கூடாது. தோற் சோதனை செய்தலும் ஆகாது.

ஒவ்வாமையோடு வேறு சிலவற்றையும் கேட்டறிதல் வேண்டும். ஆஸ்துமா உண்டா? சிறுநீரகக் கோளாறு உண்டா? இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்கிறாரா? இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மருந்து உண்கிறாரா? பின்னது இருப்பின், ஆபத்து நேரத்தில் அட்ரினலின் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமற்போகக் கூடும். மது அருந்துபவரா என்பதையும் நாணமின்றிக் கேட்க வேண்டும். செஃபோபெரசோன் பெறுபவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துத் துன்புறுவர். கடைசி ஊசிக்குப் பின் மூன்று நாட்கள் வரை இவ்வாறு நேரலாம். அம்மருந்து வைட்டமின்-கே வேலையையும் குலைப்பதால், உணவு சரிவர உட்கொள்ளாத நோயாளியிடம் பல் ஈறு, மூக்கு, சிறுநீர் ஆகியவற்றில் இரத்தக் கசிவு உண்டா என்று நாள்தோறும் பார்த்தல் அவசியம்.

கரைத்தலும் செலுத்துதலும்

ஊசி மருந்தால் நேரும் விபத்துகள் அனைத்தும் ஒவ்வாமையால் நேர்பவையல்ல. கரைக்கும் நீரைத் தவறாகத் தேர்ந்ததாலும், அவசரத்தாலும் நேர்பவையும் உண்டு.

செஃப்ட்ரையாக்ஸோனும் சுண்ணச்சத்தும் ஒன்று சேர்ந்தால் கரையாத வீழ்படிவு உண்டாகும். ரிங்கர் லாக்டேட் நீரில் சுண்ணச்சத்து உள்ளது. ஆகையால் அந்நீரில் இம்மருந்தைக் கரைக்கவோ, அது இறங்கிக்கொண்டிருக்கும் குழாய் வழியே செலுத்தவோ கூடாது. பிறந்து 28 நாட்களுக்குட்பட்ட குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இப்படிவு தங்கி மரணம் விளைந்ததுண்டு. எனவே சுண்ணச்சத்துள்ள நீரைச் சிரை வழியே பெறும் அக்குழந்தைகளுக்கு இம்மருந்து அறவே விலக்கப்பட்டுள்ளது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங் குழந்தைக்கும் இது ஆகாது. குருதிப் புரதத்திலிருந்து பிலிருபினை இது விடுவிப்பதால் மூளைக்குத் தீங்கு நேரக்கூடும். பெரியவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தரவேண்டி வந்தால், இடையே உப்புநீரால் குழாயை நன்கு கழுவிய பின்னரே தரலாம்.

தசையில் போடும் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி மிகுந்த வலி தருவது. அவ்வலியைக் குறைக்க லிக்னோகெய்னில் கரைப்பதுண்டு. அவ்வாறு கரைத்ததை மறந்தும் சிரையில் செலுத்தலாகாது. இதயத் துடிப்பே நிலைகுலையும். எதில் கரைத்தது, எவ்வழிக்கு உரியது, எந்நேரம் கரைத்தது என்னும் மூன்றையும் சிரிஞ்சின் மீது எழுதி ஒட்டுதல் இத்தவறைத் தவிர்க்கும் எளிய வழி. ஒரே தசையில் ஒரு கிராமுக்கு மேல் செலுத்துதலும் நன்றன்று.

மக்கள் "நரம்பு ஊசி" எனக் கூறும் சிரை ஊசியைப் போடுகையில் நிதானமே மருந்து. செஃப்ட்ரையாக்ஸோனை இரண்டு முதல் நான்கு நிமிடங்களிலும், செஃபசோலினை மூன்று முதல் ஐந்து நிமிடங்களிலும் மெல்ல ஏற்றவேண்டும். அல்லது சொட்டு நீரில் கலந்து அரைமணி நேரத்தில் இறக்கலாம். மெல்ல ஏற்றுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. எதிர்விளைவின் முதல் அறிகுறி தோன்றும்போது மருந்தின் பெரும் பகுதி இன்னும் சிரிஞ்சிலேயே இருக்கும். கையை உடனே நிறுத்திக்கொள்ளலாம். ஜெண்டாமைசின், அமிகாசின் முதலியவற்றை இம்மருந்துகளுடன் ஒரே சிரிஞ்சிலோ புட்டியிலோ கலத்தல் கூடாது.

சிறுநீரகம் நலிந்தவரிடத்தில் செஃபிபிம் உடலில் தேங்கி மூளையைத் தாக்கும். முதல் நாள் தெளிவாகப் பேசிய முதியவர் மூன்றாம் நாள் உளறுவாராயினும், கை கால் துடிப்பு காணுமாயினும், அதனை முதுமையின் மேலேற்றி விட்டுவிடலாகாது. மருத்துவருக்கு உடனே அறிவிக்க வேண்டும். ஊசி பெறும் நாட்களிலோ முடிந்து சில வாரங்களிலோ நீராக வயிறு கழிந்தால் அதுவும் அறிவிக்கத் தக்கதே. குடலின் நற்கிருமிகள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் தீக்கிருமி பெருகியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பார்த்திருக்கும் அரைமணி நேரம்

இனி, எத்தனை கேள்வி கேட்டாலும், எவ்வளவு நிதானமாக ஏற்றினாலும், எவருக்கேனும் ஒருவருக்கு எதிர்விளைவு நேரவே செய்யும். முன்னறிய முடியாத அவ்வொருவரைக் காப்பதற்கே காவல் வேண்டும். மருந்துகளால் நேர்ந்த ஒவ்வாமை மரணங்களைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, ஊசிக்கும் இதயம் நின்றதற்கும் இடையே சென்ற நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களே எனக் கண்டனர். மருத்துவரை அழைத்து வர ஆள் அனுப்பும் நேரம் அது. அந்த ஐந்து நிமிடங்களில் படுக்கையருகே இருப்பவர் செவிலியர் ஒருவரே.

உள்ளங்கை அரிப்பு, தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற உணர்ச்சி, திடீரெனக் குரல் கம்முதல், முகம் சிவத்தல் அல்லது வெளிறுதல், "எனக்கு என்னவோ செய்கிறது" என்னும் கலக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். கடைசியாகக் கூறியதை அலட்சியம் செய்தலாகாது. இரத்த அழுத்தம் வீழ்வதற்கு முன்பே நோயாளி அதை உணர்ந்து கூறுகிறார்.

இந்நிலையில் முதல் மருந்து அட்ரினலின். ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசலில் அரை மில்லிலிட்டர், தொடையின் வெளிப்புற நடுத் தசையில் பெரியவர்களுக்கு உடனே செலுத்த வேண்டும். குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கு. மருந்துக் குழாயை நிறுத்தி, நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, ஆக்சிஜனும் சொட்டு நீரும் தரவேண்டும். மூச்சிரைப்பு மிகுந்தவர் சாய்ந்து உட்காரலாம். குறையவில்லையெனில் ஐந்து நிமிடங்களில் அட்ரினலினை மீண்டும் தரலாம். அவிலும் டெக்சாமெதசோனும் முதலில் போட்டுப் பார்த்து, பயனில்லையெனில் அட்ரினலினுக்குச் செல்லும் வழக்கம் ஆபத்தானது. அவிலால் அரிப்பு அடங்கலாம். வீழ்ந்த இரத்த அழுத்தம் நிமிராது. மூடிய மூச்சுக் குழல் திறவாது. டெக்சாமெதசோன் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும்.

இவ்விடத்தில்தான் அதிகாரம் என்னும் வினா எழுகிறது. மருத்துவரின் ஆணையின்றி அட்ரினலின் போடச் செவிலியர் தயங்குவது இயற்கை. மருத்துவர் வரும்வரை தயங்கினால் உயிர் தங்காது. ஆகவே, இன்ன அறிகுறி கண்டால் இன்ன அளவு செலுத்தலாம் என்று மருத்துவர் கையொப்பமிட்ட நிலையாணை ஒன்று ஒவ்வொரு ஊசி அறையிலும் இருத்தல் வேண்டும். அட்ரினலின் ஆம்பூல் பூட்டிய அலமாரியில் அன்றி, ஊசித் தட்டிலேயே இருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முன்பு ஒவ்வாமை காணாதவர்களுக்குச் செஃபலோஸ்போரின் சோதனை ஊசி போடும் வழக்கத்தை மருத்துவமனைகள் எழுத்து மூலம் நிறுத்துவது முதல் வேலை. ஐயத்துக்குரிய வரலாறு உடையோரை ஒவ்வாமை மருத்துவ வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதிக்கலாம். நிறுத்திய சோதனைக்குச் செலவான நேரத்தை, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சிட்ட கேள்வித் தாளுக்கும், முதல் ஊசிக்குப் பிந்திய அரைமணி நேரக் கண்காணிப்புக்கும் ஒதுக்கலாம். ஒவ்வாமை உறுதிப்பட்டவருக்கு மருந்தின் பெயரும், நேர்ந்த விளைவும், நாளும் குறித்த அட்டையொன்றைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஊர் ஊராய்ச் சென்று பிழைக்கும் தங்கவயல் மக்களைப் போன்றோருக்கு இவ்வட்டை உயிர்க் காப்பு. 2010இல் தொடங்கப்பெற்ற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் செவிலியரே நேரடியாக எதிர்விளைவுகளை அறிவிக்கலாம். அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் பெருக வேண்டும்.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். ஒரே செவிலியர் நாற்பது பேரைப் பார்க்கும் இடத்தில், அல்லது ஓர் அறையும் ஒரு நாற்காலியும் கொண்ட சிறு மருத்துவ விடுதியில், அரைமணி நேரம் ஒருவரைப் பார்த்திருப்பது எங்ஙனம்? இத்தடை உண்மையானது. ஆயினும் அதற்கு விடை சோதனை ஊசி ஆகாது. முதல் ஊசி பெற்றவரைச் செவிலியரின் கண்பார்வையில் படும் பெஞ்சில் உட்காரவைத்து, உடன் வந்தவரிடம் அறிகுறிகளைச் சொல்லிவைப்பது எளிய வழி. அதற்கும் இடமில்லாத விடுதியில் இவ்வூசியைப் போடாதிருப்பதே நேர்மை. வைரசால் வரும் சளிக் காய்ச்சலுக்கு இம்மருந்தால் யாதொரு பயனும் இல்லை. மாத்திரையால் தீரக்கூடிய நோய்க்கு ஊசியும் வேண்டுவதில்லை. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று கருதும் மக்களுக்கு இதனை எடுத்துரைப்பதும் செவிலியர் தொண்டின் ஒரு பகுதியே. மூன்றாம், நான்காம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்கள் பலவற்றை 2014 முதல் எச்-1 அட்டவணையில் சேர்த்து, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைத் தனி ஏட்டில் பதிய வேண்டும் என்றும் அரசாங்கம் விதித்திருப்பது, கிருமிகள் இவற்றுக்கு அடங்காதவையாக மாறிவரும் ஆபத்தைக் கருதியே. தேவையற்ற ஊசியைத் தவிர்த்தால் ஒவ்வாமையும் குறையும். மருந்தின் ஆற்றலும் வருங்காலத்துக்கு எஞ்சும்.

செவிலியரின் கேள்வியும் கண்காணிப்பும் மருத்துவக் கணக்கில் வேலையாக இன்னும் எண்ணப்படவில்லை. போட்ட ஊசிகளின் எண்ணிக்கையை ஏடு காட்டுகிறது. கேட்ட கேள்விகளையும் காத்த நிமிடங்களையும் அது காட்டுவதில்லை. அவற்றையும் ஏட்டில் ஏற்றி, அவற்றுக்கு வேண்டிய ஆட்களை நியமிப்பது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு. அந்நாள் வரும்வரை, தட்டில் அட்ரினலின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியைக் கையிலெடுப்பது ஒவ்வொரு செவிலியரும் இன்றே மேற்கொள்ளக்கூடிய வழக்கமாகும்.